எங்கள் வீட்டுக்கு வரும் வழி

கல்லடி,
மட்டக்களப்பு.
02.04.2024

அன்பின் தம்பி டொமினிக்,

மாதாவின் புண்ணியத்தில் நானும் அத்தானும் சுகம். என் சீனி வருத்தம் சொன்ன சொல் கேட்கிறது, அத்தான்தான் கேட்பதில்லை. உன் முழங்கால் எப்படி? சுவிஸில் பனி விட்டுவிட்டதா?

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒன்று கேட்டால் நீ ஒரு பகிடி விடுவாய், நான் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன், கேட்டது கேட்டபடி கிடக்கும். அதனால்தான் கொப்பித் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். நீயும் எழுதித்தான் பதில் போட வேண்டும்.

விஷயம் இதுதான். சித்திரை வருடப்பிறப்பு வரப்போகிறது, நம் விடுதிக்கு ஒரு புக்கிங்கும் இல்லை. போன வருடம் இந்த நேரம் ஐந்து அறையும் ஆனி வரைக்கும் நிரம்பிவிட்டது. வெள்ளைக்காரர் ஊருக்கு வராமலில்லை, பாலத்தில் நின்று படமெடுத்துக்கொண்டு திரிகிறார்கள். நேற்று ஒரு பிள்ளையை மறித்துக் கேட்டேன். தங்க இடம் தேடியபோது நம் வீடு போனில் வரவே இல்லையாம். நீ செய்து தந்த இணையத்தளத்துக்கு என்ன நடந்தது?

இன்னொன்று. தனோஜன் என்ற கொந்தராத்துக்காரர் வந்து போனார். ஜனவரியிலிருந்து வீட்டைத் தன் வேலையாட்கள் தங்கக் குத்தகைக்குக் கேட்கிறார். வாசல் மாமரத்தை வெட்டி லொறி நிறுத்துவாராம், சாப்பாட்டு அறையைப் பலகை அடித்து நாலாக்குவாராம். எனக்கும் அத்தானுக்கும் பின்னறை. வருடம் முடிவதற்குள் பதில் வேண்டுமாம். அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. இந்தப் பருவம் இப்படிப் போனால் நான் ஓம் சொல்லத்தான் வேண்டிவரும். எனக்கு அதற்கு மனமில்லை, தம்பி.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
செசீலியா


பாசல்,
07.04.2024

என் அன்பு அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். முழங்கால் மாடிப்படியில் மட்டும்தான் முறைக்கிறது. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சலவை அறையில் மாடிப்படி இல்லை. அத்தானின் தேத்தண்ணியில் சீனியைக் குறையுங்கள், அவர் கோபித்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

தளத்தைப் பார்த்தேன். தேடுபொறி போன மாதம் தன் விதிகளை மாற்றியிருக்கிறது. ஒருவர் ‘மட்டக்களப்பில் தங்க இடம்’ என்று தேடினால் யாரை முன்னால் காட்டுவது, யாரைப் பின்னால் தள்ளுவது என்று தீர்மானிப்பது அதுதான். எட்டு வருடம் முதற் பக்கத்தில் இருந்த நாங்கள் இப்போது ஆறாம் பக்கத்தில் இருக்கிறோம். ஆறாம் பக்கம் வரை யாரும் போவதில்லை.

பயப்படாதீர்கள். நான் 2016இல் எழுதிய அறுபத்துமூன்று பக்கங்களும் தங்கம். வாவி, சந்தை, கலங்கரை வெளிச்சவீடு, பஸ், சாப்பாடு என்று எதைத்தான் விட்டேன்? கொஞ்சம் தட்டிக் கொட்டினால் மேலே வந்துவிடும். தனோஜனுக்குத் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

அதுசரி, வெளிச்சவீட்டு மரத்தடியில் கச்சான் கடலை விற்கும் அப்பு எப்படி இருக்கிறார்? அவரைப் பற்றிய பக்கத்தைத்தான் ஆட்கள் கூடுதலாக வாசிக்கிறார்கள்.

அன்புத் தம்பி,
டொமினிக்


கல்லடி,
05.05.2024

அன்பின் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. நீ அங்கே தொப்பியும் கையுறையுமாக நிற்கும் படத்தை அத்தான் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டிவிட்டார்.

கச்சான்காரர் நல்ல சுகம். வியாபாரமும் பரவாயில்லை. வெயிலில் குந்தியிருக்கத்தான் ஏலாதாம்.

போன கிழமை ஒரு சோடி வந்து இரண்டு நாள் நின்றது. அதுவும் தேடி வரவில்லை, ஆட்டோக்காரர் ஜிப்ரி கொண்டுவந்து விட்டது. தனோஜன் அளவு நாடாவுடன் வந்து சாப்பாட்டு அறையை அளந்தார். நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன்.

ஓகஸ்ட் பதினேழாம் திகதி அம்மாவின் பத்தாம் ஆண்டு நினைவு. பூசைக்குக் கொடுத்திருக்கிறேன். வா என்று நான் எழுதவில்லை. பூசை காலை ஆறரைக்கு என்று மட்டும் எழுதுகிறேன்.

உன் அக்கா


பாசல்,
26.05.2024

அன்பு அக்கா,

சுகம். உங்கள் கடிதம் கிடைத்தது.

ஒரு மடத்தனம் செய்துவிட்டேன். பக்கங்கள் கூடினால் மதிப்புக் கூடும் என்று நினைத்து, புதிதாக இருபத்திரண்டு பக்கங்கள் போட்டேன். களுவாஞ்சிக்குடிக்குப் போகிறவர் தங்க நல்ல இடம், வவுணதீவுக்குப் போகிறவர் தங்க நல்ல இடம், பாசிக்குடாவுக்குப் போகிறவர் தங்க நல்ல இடம். எழுதியது ஒன்றுதான், ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினேன். வவுணதீவில் வெண்மணல் கடற்கரை இருப்பதாக வந்துவிட்டது. அத்தான் சிரிக்கட்டும், வயலுக்கு நடுவே அவருக்கு ஒரு கடற்கரை தந்திருக்கிறேன்.

இரண்டாம் நாளே ஆறாம் பக்கத்திலிருந்தும் காணாமற் போனோம். பிறகுதான் புது விதிகளை ஒழுங்காக வாசித்தேன். ஒரே எழுத்தைப் பல பக்கத்தில் போடக் கூடாது. பழைய தகவல் இருக்கக் கூடாது. எழுதியவர் யார் என்று இருக்க வேண்டும், அவர் தன் கண்ணால் கண்டதை எழுதியிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. கல்லடி நான் காணாத ஊரா?

அந்தக் கோபத்தோடு, நம் விடுதியைப் பற்றி விருந்தாளிகள் எழுதிய கருத்துகளை முதல் தடவையாக ஒன்றுவிடாமல் வாசித்தேன். ஒல்லாந்து அம்மா ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: ‘அருமையான வீடு, அன்பான மனிதர்கள். வெளிச்சவீட்டில் கச்சான் விற்றவர், எங்களை ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கிய வீட்டுக்காரரேதான். மரத்துக்குப் பின்னால் போய்ச் சட்டையைக் கழற்றிச் சாரத்தோடு வந்து உட்கார்ந்தார். நாங்கள் கண்டுகொள்ளாத மாதிரி வாங்கிச் சாப்பிட்டோம்.’

அக்கா, என்ன இது?

டொமினிக்


கல்லடி,
02.06.2024

அன்பின் தம்பி,

நாங்கள் சுகம், நீயும் சுகமாக இரு. கோபமாக இருந்தால் முதலில் ஒரு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டு மீதியை வாசி.

கச்சான் அப்பு செத்துப் பதின்மூன்று வருடம். நீ தளத்தை எழுதும்போதே அவர் இல்லை. உனக்கு அதை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் வருடம் ஒரு ஜெர்மன் புருசனும் பெண்சாதியும் உன் பக்கத்தை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு மரம் மரமாகத் தேடிவிட்டு வந்து, “இவர் எங்கே?” என்று கேட்டார்கள். எனக்கு முகம் கறுத்துவிட்டது. அத்தான்தான் சொன்னார், “மச்சான் எழுதிப்போட்டான். மறுகா என்ன செய்யிற? நான் போய்க் குந்துறன்.” அன்றிலிருந்து வெளிச்சவீட்டுக்கு ஆள் போகும் நாளெல்லாம் அவர்தான் அப்பு.

அது மட்டுமா? தோணிக்காரர் பாட்டுப் பாடுவார் என்று எழுதினாய். இப்போதுள்ள தோணிக்காரருக்குப் பேச்சே வராது. ஆகவே அத்தான் பின்னால் குந்திக் கீர்த்தனை பாடுகிறார், அதைக் கேட்டவர்கள் இரண்டாம் தரம் தோணி கேட்பதில்லை. பலா மரத்து ஊஞ்சல் என்றாய். மரம் விழுந்துவிட்டது, இரண்டு இரும்புத் தூண் நட்டு ஊஞ்சலைக் கட்டினோம். வரும் வழியில், பஸ் இரும்புப் பாலத்தில் ஏறினால் உடம்பெல்லாம் அதிரும், அதிர்வு நின்றதும் மணியடித்து இறங்குங்கள் என்று எழுதினாய். புதுப்பாலம் கட்டி எத்தனை வருடம். பஸ் அதில் எண்ணெயில் ஓடுவதுபோல் ஓடுகிறது. பாவம் ஆட்கள், அதிரும் அதிரும் என்று காத்திருந்து நாவற்குடாவில் போய் இறங்கிப் போன் எடுப்பார்கள். அத்தான் ஆட்டோவில் போய் ஏற்றிவருவார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். தூரத்தில் இருந்துகொண்டு நீ ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து எழுதியிருந்தாய். என் தம்பி எழுதியது பொய் என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாது என்று இருந்தது. அவ்வளவுதான்.

நீ எழுதியதை வாசித்துவிட்டு அம்மாவையும் கேட்பார்கள். அதற்கு நான் என்ன சொல்லுகிறேன் என்பதை இப்போது எழுதவில்லை.

உன் அக்கா


பாசல்,
30.07.2024

அக்கா,

இரண்டு மாதம் எழுதவில்லை. போனையும் எடுக்கவில்லை. சுகமில்லாமல் இல்லை, வெட்கமாக இருந்தது. அத்தானின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலவும், பிடித்து நாலு உலுப்பு உலுப்ப வேண்டும் போலவும் இருந்தது.

பக்கங்களை நீக்கிவிட்டேன். புதிதாகப் போட்டது முழுவதையும், பழையதில் அறுபத்தொன்றையும். கச்சான் அப்புவும் போய்விட்டார். தேடுபொறி சொன்னது சரி. நான் எழுதியது 2006இல் பஸ் ஏறிப் போய்த் திரும்பாதவனின் ஊர். அதை நம்பி ஆட்கள் காசு கொடுத்து விமானம் ஏறியிருக்கிறார்கள்.

இரண்டு பக்கம் மீதி. ஒன்று, வரும் வழி. மற்றது, காலைச் சாப்பாடு. ‘வாசலில் அம்மா செவ்விளநீரோடு நிற்பார், காலையில் பிட்டு அவித்துத் தருவார்’ என்று தொடங்குவது. அதை அழிக்கக் கை போகவில்லை.

இனி நீங்கள் எழுதுங்கள். அங்கே இருப்பவர் நீங்கள். தமிழில் எழுதி அனுப்பினால் நான் இங்கிலீசிலும் ஜெர்மனிலும் மாற்றிப் போடுகிறேன். அலங்காரம் வேண்டாம், கண்டதை எழுதுங்கள்.

டொமினிக்


கல்லடி,
18.08.2024

அன்பின் தம்பிக்கு,

நேற்றுப் பூசை முடிந்தது. கோயிலில் முதல் வாங்குப் பலகையில் நான், அத்தான், எனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க இடம். வேறு யாரும் வந்து இருக்கவில்லை. நாங்கள் சுகம்.

நீ சொன்னபடி எழுதிப் பார்த்தேன். இதோ முதற் பக்கம்:

‘எங்கள் வீட்டில் ஐந்து அறைகள். மூன்றாம் அறையிலிருந்து வாவி தெரியும், மற்ற நாலிலிருந்தும் பக்கத்து வீட்டு மதில் தெரியும். காலை ஐந்தரைக்கு வலைக்காரர் திரும்புவார்கள், அவர்கள் சத்தத்தில் எழும்பிவிடுவீர்கள், பிறகு நித்திரை வராது. அந்த நேரம் வந்து கேட்டால் தேத்தண்ணி தருவேன். வாவியில் மீன் பாடும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நான் ஐம்பத்திரண்டு வருடம் கேட்டது எஞ்சின் சத்தமும் கொக்குச் சண்டையும்தான். உங்களுக்குக் கேட்டால் எனக்கும் சொல்லுங்கள். வெளிச்சவீட்டில் கச்சான் விற்பவர் என் கணவர் ஜொய்சன். முன்பு அங்கே இருந்தவர் இறந்துவிட்டார். அவரைத் தேடி வந்தவர்கள் ஏமாறக் கூடாதென்று இவர் உட்காரத் தொடங்கினார், இப்போது எழும்பச் சொன்னாலும் எழும்புகிறார் இல்லை.’

அத்தான் வாசித்துவிட்டு, “நாலு அறைக்கு மதில் எண்டு எழுதினா ஆரு வருவான்?” என்கிறார். கண்டதை எழுதச் சொன்னது தம்பி என்றேன். போடுவதும் விடுவதும் உன் விருப்பம்.

உன் அக்கா


பாசல்,
06.10.2024

அன்பு அக்கா,

நான் சுகம், குளிர் தொடங்கிவிட்டது. நீங்கள் அனுப்பிய பதினொரு பக்கங்களும் போட்டாயிற்று. ஒவ்வொன்றின் கீழும் ‘எழுதியவர் செசீலியா, இந்த வீட்டில் பிறந்து இங்கேயே வாழ்பவர்’ என்று போட்டேன், கண்ட திகதியையும் போட்டேன்.

போன கிழமை மூன்றாம் பக்கத்தில் வந்தோம். இன்று காலை முதற் பக்கத்தின் அடியில். சலவை அறையில் எல்லாருக்கும் போனைக் காட்டினேன், ஒருவருக்கும் விளங்கவில்லை, கைதட்டினார்கள். சித்திரைக்கு இரண்டு புக்கிங் வந்திருக்கிறது. இரண்டு பேரும் மதில் தெரியும் அறைதான் கேட்கிறார்கள்.

இனி அந்த இரண்டு பக்கங்களும். வரும் வழியை நீங்கள் எழுதுங்கள். அதில் பிழை இருக்கும்வரை முழுத் தளமும் மேலே வராது. மற்றதையும் நீங்களே பார்த்துச் செய்யுங்கள்.

தம்பி


கல்லடி,
20.10.2024

அன்பின் தம்பி,

மழை தொடங்கிவிட்டது. அத்தானுக்குத் தடிமன், எனக்கு ஒன்றுமில்லை.

காலைச் சாப்பாட்டை எழுதிவிட்டேன். ‘பிட்டு அவிப்பது நான், செசீலியா. அம்மாவிடம் பழகியது. அம்மா 2014 ஓகஸ்டில் இறந்துவிட்டா. அவவின் பிட்டுப் போல வராது, ஆனால் மிச்சத்தோடு ஒரு தட்டும் திரும்பியதில்லை.’ இதுதான் பக்கம். எழுதிவிட்டு அழுதேன். பிறகு மனம் இலேசாக இருந்தது.

நீ கேட்காததற்கும் பதில் சொல்லுகிறேன். இத்தனை வருடமும் ஆட்கள் வந்து அம்மா எங்கே என்று கேட்டால், “களுவாஞ்சிக்குடிக்குக் கலியாணத்துக்குப் போயிருக்கா, நாளைக்கு வந்திடுவா” என்பேன். எட்டு வருடமாக அம்மா களுவாஞ்சிக்குடியில் கலியாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தா. சொல்லிச் சொல்லிச் சில நாள் எனக்கே, பின்னேர பஸ்ஸில் வந்து இறங்குவா போல இருக்கும். அவ செத்து இரண்டு வருடத்துக்குப் பிறகு நீ ஏன் அப்படி எழுதினாய் என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

வரும் வழியை என்னால் எழுத முடியாது. மூன்று நாள் கொப்பியை வைத்துக்கொண்டு பார்த்தேன். நான் இந்த வீட்டில் பிறந்தவள், ஒருநாளும் இந்த வீட்டுக்கு வந்தவள் அல்ல. விமானத்தில் இறங்கி, ரயிலேறி, பாலம் கடந்து வருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தன் கண்ணால் கண்டவர்தான் எழுத வேண்டும் என்பது உன் தேடுபொறியின் சட்டம், என்னுடையது அல்ல.

தனோஜன் டிசம்பர் இருபத்தொன்றாம் திகதி பின்னேரம் பதிலுக்கு வருகிறார். இரண்டு புக்கிங்கை நம்பி இல்லை என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. அத்தான், “நீ சொல்லுறதுதான்” என்கிறார். எனக்குத் தனியே சொல்லப் பயமாக இருக்கிறது.

உன் அக்கா


பாசல்,
17.11.2024

அன்பு அக்கா,

சுகம். அத்தானின் தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள்.

அம்மாவின் பக்கத்தைப் போட்டுவிட்டேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

நீங்கள் கேட்காததற்கு நானும் பதில் சொல்லுகிறேன். அம்மாவின் அடக்கத்துக்கு வேலையில் லீவு தரவில்லை என்று சொன்னேன். அது பொய். லீவு தந்தார்கள், டிக்கற் எடுத்தேன், சூரிச் விமான நிலையம் வரை போனேன். பெட்டியைக் கொடுக்கும் வரிசையில் நின்றபோது, வாசலில் அம்மா நிற்கமாட்டா என்று ஒரு நினைப்பு வந்தது. வரிசையை விட்டு விலகி ஒரு வாங்கில் இருந்தேன். விமானம் போனபிறகு ரயிலேறித் திரும்பினேன். நான் வராதவரை அம்மா வாசலில் நிற்பா என்று நினைத்தேன் போல. அதைத்தான் இரண்டு வருடம் கழித்து எழுதியும் வைத்தேன். உங்களைத் தனியாக மண் போட வைத்தேன். என்னை மன்னியுங்கள்.

வரும் வழிக்கு ஒரு மாதத் தவணை தாருங்கள்.

தம்பி


கல்லடி,
முன்னறை மேசை.
22.12.2024

அன்பு அக்கா,

நீங்கள் குசினியில் இருக்கிறீர்கள், சுகமாக இருக்கிறீர்கள், தேங்காய் திருவும் சத்தம் கேட்கிறது. நானும் சுகம். முத்திரையும் இல்லாமல், படமும் எடுக்காமல் உங்களுக்கு எழுதும் முதற் கடிதம் இது.

நேற்று நீங்கள் தனோஜனிடம், “இல்ல தம்பி, வீடு தாறல்ல. ஆக்கள் வரப்போறாங்க” என்று சொன்னபோது உங்கள் குரல் நடுங்கவில்லை. நான் பக்கத்தில் சும்மாதான் நின்றேன். ஆனாலும் என் சட்டையின் பின்பக்கத்தை நீங்கள் பிடித்திருந்த பிடியில் அது இன்னும் கசங்கித்தான் இருக்கிறது.

கடைசிப் பக்கம் முடிந்தது. பிட்டு ஆறுவதற்குள் வாசித்துச் சரியா என்று சொல்லுங்கள். சரியென்றால் இன்றைக்கே ஏற்றிவிடுகிறேன்.

‘எங்கள் வீட்டுக்கு வரும் வழி

கொழும்புக் கோட்டையில் காலை ரயிலில் ஏறுங்கள். கையோடு சாப்பாடு கொண்டுவாருங்கள். மன்னம்பிட்டி தாண்டினால் பக்கத்து இருக்கைக்காரர் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார். வீட்டுக்கு என்று சொல்லிப் பாருங்கள், சொல்ல நன்றாக இருக்கிறது. ஏறாவூர் வந்தால் பெட்டியை இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

மட்டக்களப்பில் இறங்கிக் கல்முனை பஸ் எடுங்கள். இந்தத் தளத்தில் முன்பு, பாலத்தில் பஸ் அதிரும், அதிர்வு நின்றதும் இறங்குங்கள் என்று எழுதியிருந்தது. அதை எழுதியவன் நான். பழைய இரும்புப் பாலத்தில் இப்போது பஸ் போவதில்லை, புதுப்பாலம் அதிராது. இது எனக்குக் கடிதத்தில் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் என் உடம்பு அந்த அதிர்வுக்காகக் காத்துக்கொண்டே இருந்தது. கொண்டக்டர், “அண்ண, நாவற்குடா வந்திட்டு, இறங்கல்லியா?” என்று கேட்டபோதுதான் விளங்கியது. ஆகவே ஏறும்போதே, கல்லடிப் பாலம் தாண்டி முதல் பஸ் தரிப்பு என்று சொல்லிவையுங்கள்.

தவறவிட்டால் கவலைப்பட வேண்டாம். நாவற்குடாவிலிருந்து விடுதிக்குப் போன் எடுங்கள். என் அத்தான் ஜொய்சன் ஆட்டோவில் வருவார். ஆளைக் கண்டதும் அவர் ஹாண்டிலை விடாமல் பிடித்தபடி இருந்தால், அதற்கும் கவலைப்பட வேண்டாம். பிறகு ஒரு கடதாசிச் சரை கச்சான் தருவார்.

வீட்டு வாசலில் மாமரம் நிற்கிறது. ஜனவரியிலும் நிற்கும். வாசலில் உங்களுக்காக யாரும் காத்து நிற்கமாட்டார்கள், எல்லாருக்கும் வேலை இருக்கிறது. கேட்டில் மணி இல்லை, கூப்பிட வேண்டும். அக்கா என்று கூப்பிடுங்கள். எவ்வளவு காலம் கழித்துக் கூப்பிட்டாலும் திறப்பா.

நேரில் வந்து எழுதியவர்: டொமினிக், செசீலியாவின் தம்பி.
வந்து சேர்ந்த திகதி: 21.12.2024.’